பலகையும் வாக்கும்: கதவுப் புதிர்களில் விடை எங்கே இருக்கிறது?

மூன்று கதவுகள். ஏதோ ஒன்றின் பின்னால் மட்டும் பரிசு இருக்கிறது. முதல் கதவில் தொங்கும் பலகை, ‘பரிசு மூன்றாம் கதவுக்குப் பின்னால் இல்லை’ என்கிறது. இரண்டாம் கதவின் பலகை, ‘பரிசு இங்கேதான் இருக்கிறது’ என்கிறது. மூன்றாம் கதவில் பலகையே இல்லை. எந்தக் கதவைத் திறப்பது? இத்தோடு நிறுத்திவிட்டால் கேள்விக்கு விடை கிடையாது. புதிர் போடுபவர் இன்னும் ஒரு வரி சொல்ல வேண்டும். ‘இரண்டு பலகையும் மெய்’ என்றால் பரிசு இரண்டாம் கதவில். ‘இரண்டில் சரியாக ஒன்றுதான் மெய்’ என்றால் முதல் கதவில். ‘இரண்டும் பொய்’ என்றால் மூன்றாம் கதவில். பலகைகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. விடை மூன்று முறை மாறிவிட்டது. கதவுப் புதிர்களைப் பற்றி இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்: விடையைத் தீர்மானிப்பது பலகையில் எழுதியிருக்கும் சொல் மட்டும் அன்று, அந்தச் சொல்லைப் பற்றி யாரோ தரும் வாக்கு. புதிரில் தோற்பவர்கள் பெரும்பாலும் பலகையைத் தவறாகப் படித்துத் தோற்பதில்லை. வாக்கை அளந்து பார்க்காமல் தோற்கிறார்கள்.

‘சரியாக ஒன்றுதான் மெய்’ என்ற நிலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பரிசு முதல் கதவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது மூன்றாவதில் இல்லை. எனவே முதல் பலகை மெய். இரண்டாவதிலும் இல்லை, எனவே இரண்டாம் பலகை பொய். ஒரு மெய், ஒரு பொய் என்று கணக்கு பொருந்துகிறது. பரிசு இரண்டாம் கதவில் என்று வைத்தால் இரண்டு பலகையும் மெய்யாகிவிடும். மூன்றாம் கதவில் என்று வைத்தால் இரண்டும் பொய்யாகிவிடும். ஆகவே இரண்டும் தள்ளுபடி. ஒவ்வொரு நிலையையும் உண்மை என்று வைத்துக்கொண்டு, வாக்கோடு மோதுவதைக் கழித்து, மிஞ்சுவதை ஏற்பதுதான் இந்தப் புதிர்களின் அடிப்படை முறை. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘மூன்றாம் கதவில் இல்லை’ என்ற முதல் பலகை மெய்யானால் அது ஒரே ஒரு கதவைத்தான் விலக்குகிறது. இன்னும் இரண்டு கதவுகள் பாக்கி. அதே பலகை பொய்யானால் மூன்றாம் கதவைக் கையால் சுட்டிக் காட்டியே விடுகிறது. பொய் என்று உறுதியாகத் தெரிந்த வாக்கியம் சில சமயம் மெய்யைவிட அதிகமாகச் சொல்லும். மெய்யோ பொய்யோ, எது என்று தெரிந்தால் போதும். எது என்று தெரியாததுதான் பயனற்றது.

இளவரசி, புலி, அரசன்

இந்தப் புதிர் வகைக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் ரேமண்ட் ஸ்மல்யன். 1919-இல் நியூயார்க்கின் ஃபார் ராக்கவே பகுதியில் பிறந்து, 2017-இல் மறைந்தவர். பியானோ வாசித்தவர், மேடையில் மந்திர வித்தை காட்டியவர், 1959-இல் பிரின்ஸ்டனில் அலோன்ஸோ சர்ச்சின் மாணவராக முனைவர் பட்டம் பெற்ற தருக்க அறிஞர். அவர் எடுத்துக்கொண்ட மூலக்கதை, அவருடைய கதவுப் புதிர் நூலுக்குச் சரியாக நூறாண்டு முன்பு வந்தது. 1882-இல் ஃபிராங்க் ஸ்டாக்டன் எழுதிய சிறுகதையில், குற்றம் சாட்டப்பட்டவன் அரங்கத்தில் இரண்டு கதவுகளுக்கு முன் நிறுத்தப்படுகிறான். ஒன்றின் பின்னால் அவனை மணக்கப் போகும் பெண். மற்றதன் பின்னால் பசித்த புலி. அவனைக் காதலிக்கும் இளவரசி வலப்பக்கம் சைகை காட்டுகிறாள். அவள் காட்டியது காதலாலா பொறாமையாலா என்று சொல்லாமலே கதை முடிகிறது. வாசகர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த கதை இது. இங்கே கவனிக்க வேண்டியது, சைகை தெளிவாகவே இருக்கிறது என்பதுதான். சைகை காட்டியவளின் மனத்துக்குத்தான் உத்தரவாதம் இல்லை. 1982-இல் வெளியான தம் நூலில் ஸ்மல்யன் அதே கதவுகளில் பலகைகளைத் தொங்கவிட்டார். பலகைகளைப் பற்றிப் பொய் சொல்லாத அரசன் ஒருவனையும் கூடவே நிறுத்தினார். ஸ்டாக்டனின் கதை புதிராக மாறியது பலகைகளால் மட்டும் அன்று, அந்த அரசனால்.

இதற்கும் முன்னோடி உண்டு. 1600-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் போர்ஷியாவை மணக்க வருபவர்கள் பொன், வெள்ளி, ஈயப் பேழைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேழைகளின் மேல் வாசகங்கள் இருக்கின்றன. ஆனால் அவை மெய் பொய் என்று பிரிக்கத்தக்க வாசகங்கள் அல்ல. தேர்ந்தெடுப்பவனின் ஆசையையும் தற்பெருமையையும் சோதிக்கும் சொற்கள். ஸ்மல்யன் தம் 1978-ஆம் ஆண்டு நூலில் இதே பேழைகளை எடுத்து, குணத்தைச் சோதித்த இடத்தில் தருக்கத்தைச் சோதிக்க வைத்தார். பேழையில் தொடங்கிக் கதவுக்கு வந்த இந்தப் பாதையில் புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று: வாசகங்களின் மெய் பொய்யைப் பற்றி, வாசகங்களுக்கு வெளியே நின்று சொல்லப்படும் ஒரு நிபந்தனை.

அந்த நிபந்தனையின் வலிமையை ஸ்மல்யனின் ஒரு புதிரே எடுத்துக் காட்டிவிடும். அங்கே அரசனின் வாக்கு இப்படி அமைகிறது: முதல் அறையில் பெண் இருந்தால் அதன் பலகை மெய், புலி இருந்தால் பொய்; இரண்டாம் அறையில் இதற்கு நேர்மாறு, அதாவது பெண் இருந்தால் பொய், புலி இருந்தால் மெய். ஒவ்வோர் அறையிலும் பெண்ணோ புலியோ இருக்கலாம். இரண்டு அறையிலும் ஒன்றே இருக்கவும் கூடும். கைதி வந்து நிற்கிறான். பலகைகள் இன்னும் மாட்டப்படவே இல்லை. ‘இந்த அறையில் புலி இருக்கிறது’ என்பது ஒன்று, ‘இரண்டு அறையிலும் புலி’ என்பது மற்றொன்று. எது எந்தக் கதவுக்கு என்று அரசன் சொல்லவில்லை. முதல் பார்வைக்கு நம்பிக்கையற்ற நிலை. ஆனால் ‘இந்த அறையில் புலி’ என்ற பலகையை முதல் அறையில் மாட்டிப் பாருங்கள். உள்ளே பெண் என்றால் பலகை மெய்யாக வேண்டும். மெய் என்றால் உள்ளே புலி. உள்ளே புலி என்றால் பலகை பொய்யாக வேண்டும். பொய் என்றால் உள்ளே புலி இல்லை. இரண்டு வழியும் அடைபடுகிறது. ஆகவே அந்தப் பலகை முதல் அறைக்கு உரியதாக இருக்கவே முடியாது. அப்படியானால் ‘இரண்டிலும் புலி’ என்பதுதான் முதல் அறையின் பலகை. அங்கே பெண் இருந்தால் அது மெய்யாக வேண்டும், ஆனால் மெய்யானால் அங்கே புலி, முரண். ஆகவே முதல் அறையில் புலி; அதன் பலகை பொய்; இரண்டு அறையிலும் புலி இல்லை; எனவே இரண்டாம் அறையில் பெண். பலகை எந்தக் கதவுக்குச் சொந்தம் என்பதைக்கூட வாக்கே சொல்லிவிட்டது. பலகைகளைக் கழற்றிக் கீழே வைத்தாலும் புதிர் அவிழ்கிறது. வாக்கை எடுத்துவிட்டால் பலகைகள் வெறும் மரத்துண்டுகள்.

பொய்யனும் நிலையற்றவனும்

பலகைகளுக்குப் பதில் காவலாளிகளை நிறுத்தினாலும் இதே உண்மைதான். ஒருவன் எப்போதும் மெய் சொல்வான், மற்றவன் எப்போதும் பொய் சொல்வான். யார் எவன் என்று தெரியாது. ஒரு கேள்விதான் கேட்கலாம். ‘சரியான வழி எது என்று உன் கூட்டாளியைக் கேட்டால் எதைக் காட்டுவான்?’ என்று கேட்டு, வரும் பதிலுக்கு நேர் எதிரான வழியில் போக வேண்டும் என்பது பலரும் அறிந்த விடை. மெய்யனைக் கேட்டால் அவன் பொய்யனின் பொய்யை உள்ளபடி சொல்வான். பொய்யனைக் கேட்டால் அவன் மெய்யனின் மெய்யைப் புரட்டிச் சொல்வான். எப்படியும் ஒரே ஒரு பொய் கலந்துவிடுகிறது. அது கலப்பது நிச்சயம் என்பதால் அதைக் கழித்துவிடலாம். 1986-இல் வெளிவந்த ‘லேபிரிந்த்’ திரைப்படம் இந்தக் காட்சியை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் அந்தப் படத்தில் ‘எங்களில் ஒருவன் மெய்யன், ஒருவன் பொய்யன்’ என்ற விதியையும் காவலாளிகளின் பக்கத்திலிருந்தே கேட்கிறோம். விதியைச் சொன்ன வாய் பொய்யனுடையது என்றால் அந்த விதியையே நம்ப வழியில்லை. கதாநாயகி முறையாகத் தருக்கம் செய்து ஒரு கதவைத் தேர்ந்து உள்ளே போகிறாள். சில அடிகளில் ஒரு குழிக்குள் விழுகிறாள். தருக்கம் பிழையில்லாமல் இருந்தும் காலடி நழுவலாம் என்பதற்கு அந்தக் காட்சியை ஓர் உருவகமாகவே கொள்ளலாம். விதியும் பலகையும் ஒரே வாயிலிருந்து வந்தால், விதிக்குப் பிணை நிற்பவர் யாருமில்லை.

தருக்க அறிஞர் ஜார்ஜ் பூலோஸ் 1996-இல் ‘இதுவரை வந்த தருக்கப் புதிர்களிலேயே கடினமானது’ என்று பெயரிட்டு எழுதிய புதிர் இந்தக் கருத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. அதன் மூலத்தை அவர் ஸ்மல்யனுக்கே உரியதாக்கினார். மூன்று தெய்வங்கள்: ஒருவர் மெய்யர், ஒருவர் பொய்யர், ஒருவர் நினைத்தபடி பேசுபவர். ஆம், இல்லை என்று பதில் வரும் மூன்று கேள்விகளில் மூவரையும் அடையாளம் காண வேண்டும். பதில்கள் ‘டா’, ‘ஜா’ என்று வரும்; எது ஆம், எது இல்லை என்பதும் தெரியாது. பூலோஸின் வழியில் முதல் கேள்வியின் நோக்கமே, நினைத்தபடி பேசுபவர் அல்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான். பொய்யரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவரைக் கேள்வியால் வளைத்து மெய் சொல்ல வைக்கலாம். அஞ்ச வேண்டியது நிலையற்றவரை. இதன்பின் 2008-இல் பிரையன் ராபர்ன், லாண்டன் ராபர்ன் இருவரும் புதிரின் சொற்களை மறுபடி படித்துக் காட்டினார்கள். மூன்றாமவர் மெய் சொல்வாரா பொய் சொல்வாரா என்பதைத்தான் நாணயம் சுண்டித் தீர்மானிக்கிறார் என்று பூலோஸ் எழுதியிருந்தார். ஆமா இல்லையா என்பதையே சுண்டித் தீர்மானிப்பதாக எழுதவில்லை. எழுதியபடி எடுத்துக்கொண்டால் அவரும் ஒவ்வொரு கேள்விக்கும் மெய்யராகவோ பொய்யராகவோ நடக்கிறார். வளைத்துக் கேட்கும் உத்தி அவரிடமும் செல்லும். புதிர் வெகுவாக எளிதாகிவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் கடினமாக இருந்த புதிரின் கடினம், நிபந்தனையின் ஒரு தொடரை எப்படிப் படிப்பது என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொல்லையும் சொல்லுக்கான பிணையையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் தமிழில் தருக்கம் பேசிய நூல்களுக்கும் அந்நியமானது அன்று. மணிமேகலையில் சமயவாதிகளின் கருத்துகளைக் கேட்கும் காதையில், அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, எண்ணிச் சொல்கிறான். பிறர் சொல்லால் அறிவது அங்கே இரண்டாகப் பிரிகிறது: நம்பத்தக்க நூலின் சொல்லால் தெளிவது ஆகமம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதைக் கொண்டு தெளிவது ஐதிகம். கதவுப் பலகை, பிணை இல்லாதவரை, மரத்துப் பேயைப் போன்றதுதான். யார் சொன்னது, எந்த அடிப்படையில் சொன்னது என்பதற்கு ஆளில்லை. அரசனின் வாக்கு அதைத் தாங்கும்போதுதான் அது அளவை ஆகிறது. அதே பட்டியலில் மீட்சி என்ற அளவையும் வருகிறது: இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று கொள்வது. போட்டியில் இருப்பவர்கள் இருவர்தான் என்ற உறுதி இருந்தால்தான் மீட்சி செல்லும். கதவுப் புதிரில் ஒன்றைக் கழித்து மற்றதை ஏற்கும் ஒவ்வோர் அடியும் இந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது.

பேழை காலியாக இருந்தது ஏன்?

இதுவரை வாக்கு இருக்கும் இடங்களைப் பார்த்தோம். அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஸ்மல்யன் போர்ஷியா கதையிலேயே வைத்திருக்கிறார். இரண்டு பேழைகள். ஒன்றில் போர்ஷியாவின் உருவப்படம்; அதைக் கண்டுபிடிப்பவனுக்கே அவள். பொன் பேழையில் ‘உருவப்படம் இதில் இல்லை’ என்ற வாசகம். வெள்ளிப் பேழையில் ‘இந்த இரண்டு வாசகங்களில் சரியாக ஒன்றுதான் மெய்’ என்ற வாசகம். வந்தவன் தருக்கம் செய்கிறான். வெள்ளி வாசகம் மெய் என்றால், மெய்யானது அது ஒன்றுதான்; பொன் வாசகம் பொய்; படம் பொன்னில். வெள்ளி வாசகம் பொய் என்றால், மெய்யானவை சரியாக ஒன்று என்பது தவறு, வெள்ளி ஏற்கெனவே பொய் என்பதால் இரண்டும் மெய்யாக முடியாது, எனவே இரண்டும் பொய், பொன் வாசகம் பொய், படம் பொன்னில். எப்படிப் பார்த்தாலும் பொன். திறக்கிறான்; காலி. படம் வெள்ளியில் இருக்கிறது. அவன் தருக்கத்தின் ஒவ்வோர் அடியும் சரியாகத் தோன்றுகிறது. பிழை, அடிகள் தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது: வெள்ளி வாசகம் ஒன்று மெய் அல்லது பொய் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. படம் வெள்ளியில் இருக்கும்போது பொன் வாசகம் மெய். அப்போது வெள்ளி வாசகம் மெய்யானால் இரண்டு மெய்கள், ஆகவே அது பொய். பொய்யானால் ஒரே ஒரு மெய், ஆகவே அது மெய். நிற்க இடமில்லாமல் அது ஊசலாடுகிறது. எவரும் ஒரு பேழைக்குள் படத்தை வைத்து, மேலே எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதிய சொல் பேழைக்குள் இருக்கும் பொருளை நகர்த்தாது.

இந்தச் சிறிய பேழைக் கதைக்குப் பின்னால் இருபதாம் நூற்றாண்டுத் தருக்கவியலின் பெரிய முடிவுகள் நிற்கின்றன. ஒரு மொழியின் வாக்கியங்கள் எவை மெய் என்று சொல்லும் இலக்கணத்தை அந்த மொழிக்குள்ளேயே முரணின்றி அமைக்க முடியாது என்று ஆல்ஃபிரெட் டார்ஸ்கி 1930-களில் நிறுவினார். வேண்டிய அளவு வளமான முறைப்படுத்திய மொழிகளுக்கு அது பொருந்தும். அதற்கு முன்பே 1931-இல் குர்ட் கோடெல், முரணற்றதும் எண்கணிதத்தை உள்ளடக்கியதுமான எந்த முறையான ஒழுங்கிலும் நிறுவவோ மறுக்கவோ முடியாத வாக்கியம் இருக்கும் என்று காட்டியிருந்தார். அதற்காக அவர் கட்டிய வாக்கியம் தன்னைப் பற்றித் தானே பேசும் ஒன்று. ஸ்மல்யன் தருக்க அறிஞராக வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது இந்தத் தற்சுட்டைத்தான்; புதிர் நூல்கள் அந்த ஆய்வுக்கு அவர் திறந்துவைத்த வாசல்கள். பலகை கதவைப் பற்றிப் பேசும்வரை ஆபத்தில்லை. பலகை பலகைகளின் மெய்யைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பிணை நிற்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த வேலை வெளியிலிருந்துதான் நடக்க முடியும்.

மனம் எங்கே இடறுகிறது?

பயிற்சியற்ற மனம் இவற்றை எப்படிக் கையாள்கிறது என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். லான்ஸ் ரிப்ஸ் 1989-இல் மெய்யர், பொய்யர் புதிர்களைத் தருக்கம் படிக்காதவர்களிடம் கொடுத்து, மனத்துக்குள் இயல்பாக இருக்கும் அனுமான விதிகளை அடுத்தடுத்துச் செலுத்தியே அவற்றை அவிழ்க்கிறோம் என்று வாதிட்டார். ஃபிலிப் ஜான்சன்-லேர்ட், ரூத் பர்ன் இருவரும் அடுத்த ஆண்டே அதை மறுத்தார்கள். மனம் விதிகளைச் செலுத்துவதில்லை, நிலைமைகளின் மாதிரிகளைக் கட்டிப் பார்க்கிறது என்பது அவர்கள் கட்சி. இந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும், ஜான்சன்-லேர்டும் உடன் உழைத்தவர்களும் பின்னர் கண்டறிந்த ஒன்றை ஒதுக்க முடியாது. ஒருவர் கையில் இருக்கும் சீட்டுகளைப் பற்றி மூன்று வாக்கியங்கள். அவற்றில் ஒன்று மட்டுமே மெய் என்பது நிபந்தனை. ராஜாவோ ஏஸோ இரண்டுமோ இருக்கிறது என்பது முதலாவது. ராணியோ ஏஸோ இரண்டுமோ இருக்கிறது என்பது இரண்டாவது. ஜாக்கியோ பத்தோ இரண்டுமோ இருக்கிறது என்பது மூன்றாவது. கையில் ஏஸ் இருக்க முடியுமா? கேட்டவர்களில் ஏறத்தாழ எல்லோருமே முடியும் என்றார்கள். முடியாது. ஏஸ் இருந்தால் முதல் இரண்டு வாக்கியங்களும் ஒருசேர மெய்யாகி நிபந்தனை உடைந்துவிடும். ஒரு வாக்கியத்தை மெய் என்று எடுக்கும்போதே மற்றவற்றைப் பொய்யாக்க வேண்டும் என்பது மனத்தில் நிற்பதில்லை. மெய்யானவற்றை மட்டும் படமாகக் கட்டிக்கொள்கிறோம். பொய்யானவற்றுக்கு உருவம் கொடுக்க மறக்கிறோம். வாக்கியங்கள் கண்ணில் படுகின்றன, ‘ஒன்று மட்டுமே’ என்ற வாக்கு நழுவுகிறது.

வாக்கு நழுவுவதன் விலையை உலகம் பெரிதாகப் பார்த்தது வேறொரு கதவுப் புதிரில். பலகைகள் இல்லாத மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தேர்கிறீர்கள். நிகழ்ச்சி நடத்துபவர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். ஸ்டீவ் செல்வின் 1975-இல் புள்ளியியல் இதழ் ஒன்றில் எழுப்பிய இந்தக் கேள்விக்கு, 1990-இல் மர்லின் வாஸ் சாவந்த் தம் இதழ்ப் பத்தியில், மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று சரியான விடை எழுதினார். ஏறத்தாழ பத்தாயிரம் கடிதங்கள் வந்தன. முனைவர் பட்டம் பெற்றவர்கள் உட்படப் பெரும்பாலோர் அவர் தவறு என்றார்கள். இங்கேயும் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒன்றுதான்: ஒரு கதவு திறக்கிறது, ஆடு நிற்கிறது. விடை நடத்துபவரின் விதியைப் பொறுத்தது. காரின் இடம் தெரிந்தே, எப்போதும் ஆட்டுக் கதவைத்தான் திறந்து வாய்ப்புத் தருவார் என்றால் மாற்றினால் மூன்றில் இரண்டு. தெரியாமல் ஏதோ ஒன்றைத் திறந்து தற்செயலாக ஆடு வந்தது என்றால் இரண்டில் ஒன்று. நீங்கள் காரைத் தேர்ந்தபோது மட்டுமே ஆசை காட்டுபவர் என்றால் மாற்றினால் கிடைப்பது சுழி. ஒரே காட்சி, மூன்று விதி, மூன்று விடை. இத்தகைய தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்திய மான்ட்டி ஹாலே 1991-இல் நியூயார்க் டைம்ஸ் இதழாளரிடம், விதி தம்மைக் கட்டுப்படுத்தாவிட்டால் போட்டியாளரை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று செய்தே காட்டினார். பலகை உள்ள புதிரிலும் இல்லாத புதிரிலும் திறவுகோல் ஒரே இடத்தில் இருக்கிறது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, பலகையின் பங்கை நான் குறைத்துவிட்டேன் என்பது. பலகையில் ஒன்றுமே இல்லாவிட்டால் அரசன் எத்தனை வாக்குக் கொடுத்தும் விடை வராது. இது உண்மை; பலகையும் வாக்கும் சேர்ந்துதான் விடையைத் தருகின்றன. ஆனால் இரண்டும் நம் கவனத்தைச் சமமாகப் பெறுவதில்லை. பலகை பெரிய எழுத்தில் கண்முன் தொங்குகிறது. வாக்கு கதையின் ஓரத்தில் ஒரு துணை வாக்கியமாக வருகிறது. சீட்டுப் புதிரிலும் ஆட்டுப் புதிரிலும் ஆயிரக்கணக்கானோர் இடறியது அந்தத் துணை வாக்கியத்தில்தான். ஆகவே வாக்கை முன்னே இழுத்து வைப்பது ஒருதலைச் சார்பு ஆகாது. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசை நிமிர்த்துவது.

இரண்டாவது மறுப்பு கணினியைக் காட்டுகிறது. எல்லா நிலைகளையும் வரிசையாகச் சோதித்து விடை சொல்ல எந்திரத்தால் முடியுமே, மனிதர் ஏன் மெனக்கெட வேண்டும்? சிறிய புதிர்களில் முடியும். ஸ்மல்யனின் ஒன்பது அறைப் புதிரில் ஓர் அறையில் பெண், மற்ற எட்டில் ஒவ்வொன்றும் புலியோ வெற்றிடமோ. ஆக ஒன்பதை 256-ஆல் பெருக்கி 2,304 நிலைகள். கணினிக்கு இது கண்ணிமைக்கும் வேலை. பொதுவாக இத்தகைய மெய் பொய் நிபந்தனைகளை நிறைவு செய்ய முடியுமா என்ற கேள்வி எல்லாச் சமயத்திலும் விரைவாக அவிழுமா என்பது, 1971-இல் ஸ்டீஃபன் குக் அதன் முக்கியத்துவத்தை நிறுவியதிலிருந்து கணினியியலின் தீராத பெருங்கேள்வி. 2000-இல் கிளே கணித நிறுவனம் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. ஆனால் அதைவிட முக்கியமானது, கணினியிடம் கொடுக்கும் நிபந்தனைகளை எழுதுவது யார் என்பது. அந்த ஒன்பது அறைப் புதிரில் முதலில் தரப்பட்டதை வைத்து விடை காண முடியாது. எட்டாம் அறை காலியா இல்லையா என்பதைக் கைதிக்குச் சொன்னார்கள், அதன்பின் அவனால் அவிழ்க்க முடிந்தது என்ற செய்தி நமக்குக் கிடைக்கிறது. என்ன சொன்னார்கள் என்பது கிடைப்பதில்லை. அவனால் முடிந்தது என்பதையே ஒரு சான்றாகப் பிடித்து நாம் அவிழ்க்க வேண்டும். அந்தச் செய்தியை நிபந்தனையாக மாற்றி எழுதத் தெரிந்த பிறகுதான் எந்திரத்துக்கு வேலை. பேழைக் கதையின் காதலன் ஒவ்வோர் அடியையும் எந்திரம்போலச் சரியாகவே வைத்தான். அவன் தோற்றது தனக்குத் தரப்படாத நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டதால்.

மூன்றாவது மறுப்பு கனமானது. வாழ்க்கையில் பொய் சொல்லாத அரசன் இல்லை. ‘சரியாக ஒன்றுதான் மெய்’ என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஆகவே இந்தத் திறமை புதிர்த் தாளோடு நின்றுவிடும். இதற்கு உளவியல் ஆதாரமும் துணை நிற்கிறது. ஒரு விதி மீறப்படுகிறதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்று கேட்கும், பீட்டர் வேஸன் 1966-இல் அறிமுகப்படுத்திய நான்கு அட்டைச் சோதனையில் எழுத்தும் எண்ணும் வரும்போது பெரும்பாலோர் தவறுகிறார்கள். அதே அமைப்பை மது அருந்தும் வயது விதியாக மாற்றி 1982-இல் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் சோதித்தபோது பெரும்பாலோர் சரியாகச் செய்தார்கள். தருக்கத் திறமை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தானாகத் தாவிவிடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கதவுப் புதிர் போட்டால் அறிவு பொதுவாகக் கூர்மையாகும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வது அடக்கமான ஒன்று. புதிரில் அரசன் இருக்கிறான் என்பதால்தான், அவன் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பது பிடிபடுகிறது. கைப்பேசிக்கு வரும் செய்தி, விளம்பரத்தின் அடியில் ஒட்டிய உத்தரவாதம், தன் நேர்மைக்குத் தானே சான்று எழுதும் அறிக்கை இவையெல்லாம் பலகைகள். இவற்றின் முன் கேட்க வேண்டிய கேள்வி, இது மெய்யா பொய்யா என்பதற்கும் முன்பே தொடங்குகிறது: இது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க வேண்டும் என்று யார் எனக்கு வாக்குக் கொடுத்தது? அந்த வாக்கு இதே பலகையிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா?

இதனால் இந்தப் புதிர்களைக் கற்பிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. மாணவருக்குக் கட்டம் போட்டு மெய் பொய் நிரப்பச் சொல்லித் தருகிறோம், அது வேண்டியதுதான். அதோடு, பலகைகளை அப்படியே வைத்துவிட்டு நிபந்தனையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் பார்த்த மூன்று கதவுகளில் ‘குறைந்தது ஒன்று பொய்’ என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? இரண்டாம் கதவு விலகும். முதலாவதும் மூன்றாவதும் பாக்கி நிற்கும். இதற்கு மேல் நகர முடியாது என்பதே சரியான விடை. ‘தெரியாது’ என்று நிறுத்துவதும், எதனால் தெரியாது என்று காட்டுவதும், இன்னும் எந்த ஒரு வாக்குக் கிடைத்தால் தெரியும் என்று கேட்பதும் புதிரை அவிழ்ப்பதன் பகுதிகளே. பொன் பேழையைத் திறந்த காதலனுக்குக் கூர்மை குறைவில்லை. வெள்ளிப் பேழையின் முன் நின்று போர்ஷியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: ‘இந்த வாசகங்களுக்கு நீங்கள் பொறுப்பா?’ அவள் இல்லை என்றிருப்பாள். அந்த ஒரு சொல் அவனுக்கு இரண்டு வாசகங்களையும்விட அதிகம் சொல்லியிருக்கும்.